உகாண்டா மழைக்காட்டிலும் எரிமலைகளிலும் நடைப் பயணம்: எதில் கையைச் சுருக்கலாம், எதில் கூடாது?

"எட்டு நாள், மழைக்காடும் எரிமலையும், பெரும்பாலும் நடை, உள்ளூர் வழிகாட்டியுடன், குறைந்த செலவில்" என்று உகாண்டாவின் தென்மேற்கு மூலைக்கு ஒரு பயண விளம்பரம் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். விமானக் கட்டணம் போக ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது, கொடைக்கானல் பக்கம் இரண்டு மூன்று முறை மலை நடந்த பழக்கம் இருக்கிறது, வரும் ஜூலையில் போக எண்ணம். பணம் போதுமா, கொரில்லா பார்க்க முடியுமா, மலிவான பயணம் ஆபத்தில் முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தப் பயணத்தில் எந்தச் செலவைக் குறைத்தால் ஒன்றும் கெடாது, எதைக் குறைத்தால் எல்லாமே கெடும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள கபாலே நகரில் ஒரு பள்ளியில் 11 ஆண்டுகள் உயிரியல் கற்பித்தேன். விடுமுறை வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவேன். பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களை நானே ஏற்பாடு செய்து அழைத்துப் போயிருக்கிறேன். ஆகவே கீழே எழுதுவதில் பெரும்பகுதி காலால் நடந்து அறிந்தது. நான் மருத்துவன் அல்லன். உடல்நலம் பற்றிச் சொல்லும் இடங்களில் என் பேச்சை வைத்து மருந்து வாங்க வேண்டாம்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆப்பிரிக்கக் கண்டத்தைக் கிழக்கில் பிளந்துகொண்டிருக்கும் பெரும் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளை உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்று நாடுகளும் சந்திக்கும் இடம் வழியாகப் போகிறது. அந்தப் பிளவின் மேல் எழுந்தவைதான் விருங்கா எரிமலைகள், மொத்தம் எட்டு. அவற்றில் காங்கோப் பக்கம் இருக்கும் நியிராகோங்கோவும் நியாமுலாகிராவும் இன்றும் உயிருள்ளவை. நியிராகோங்கோ 2002-லும் 2021-லும் வெடித்துக் கோமா நகரை நோக்கித் தீக்குழம்பை அனுப்பியது. உகாண்டாப் பக்கம் முஹாவுரா, காஹிங்கா, சபின்யோ என்ற மூன்றும் உறங்குபவை. இவற்றுக்கு வடக்கே, ஒரு நாள் நடைத் தொலைவில், பிவிண்டி மழைக்காடு. பனியுகத்தில் ஆப்பிரிக்கக் காடுகள் வறண்டு சுருங்கியபோதும் பிழைத்து நின்ற சில காடுகளில் அது ஒன்று. 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை ஏறும் மலைச்சரிவு முழுவதும் காடுதான். சமதரை என்று சொல்லக் கால் பங்கு ஏக்கர்கூட நான் பார்த்ததில்லை. ஆகவே "மழைக்காடும் எரிமலையும் ஒரே வாரத்தில், நடந்து" என்று விளம்பரம் சொல்வது மிகை அல்ல. இப்படி இரண்டும் தோளோடு தோள் நிற்கும் இடம் உலகில் அதிகம் இல்லை.

இனி பணம். உங்கள் கணக்கு முழுவதையும் தீர்மானிக்கப்போவது ஒரே ஒரு தாள்: கொரில்லா அனுமதிச்சீட்டு. உகாண்டாவில் வெளிநாட்டவருக்கு அதன் விலை 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். ரூபாயில் 70,000-க்குக் குறையாது. ருவாண்டாவில் அதே சீட்டு 2017 முதல் 1,500 டாலர். இதில் பேரம் கிடையாது. விலையை உகாண்டா வனவிலங்கு ஆணையம் வைக்கிறது, எல்லா நிறுவனங்களும் அங்கேயே வாங்குகின்றன. ஆகவே "கொரில்லாவும் உண்டு, மொத்தமே 700 டாலர்தான்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கினால் ஒரு கொரில்லாக் குடும்பத்தை எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். முகக்கவசம் கட்டாயம், பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, சளி காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது. இந்தக் கடைசி விதியை மனமார மதியுங்கள். நம் சளி அவற்றின் நெஞ்சில் இறங்கினால் ஒரு குடும்பமே படுத்துவிடும். 2018 கணக்கெடுப்பில் பிவிண்டிக் காட்டில் 459, விருங்கா மலைகளையும் சேர்த்து உலகம் முழுவதிலும் 1,063. மலைக் கொரில்லா என்ற உயிரினம் அவ்வளவுதான்.

ஒன்றரை லட்சத்தில் இந்தச் சீட்டை வாங்கினால் மீதி ஏறக்குறைய 80,000 ரூபாயில் எட்டு நாளை ஓட்ட வேண்டும். முடியும்; ஆனால் இறுக்கமாக இருக்கும், எரிமலை ஒன்றுக்கு மேல் ஏற முடியாது. சீட்டை விட்டுவிட்டால் அதே பணத்தில் தாராளமாக நடக்கலாம், நல்ல வழிகாட்டிக்கு நல்ல கூலி கொடுக்கலாம், இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம். நான் அழைத்துப் போனவர்களில் பாதிப் பேர் கொரில்லா பார்க்காமல் திரும்பியவர்கள். குறையோடு திரும்பியதாக ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. எனினும் இது உங்கள் ஆசையைப் பொறுத்தது. சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு சீட்டை வாங்குங்கள். வெறும் "அங்கே போய்விட்டு அதைப் பார்க்காமலா" என்ற எண்ணம் என்றால், உகாண்டாப் பக்க எரிமலைகள் மூன்றும் அடங்கிய மகஹிங்கா பூங்காவின் மூங்கில் காட்டில் பொற்குரங்குகளைப் பார்க்கப் போகலாம். அதற்குக் கட்டணம் பல மடங்கு குறைவு. முதுகில் பொன்னிறம் மின்ன மூங்கில் குருத்தைப் பிளந்து தின்றுகொண்டிருக்கும் அந்தக் குரங்கு விருங்கா மலைகளையும் அருகிலுள்ள ஒரு சில காடுகளையும் தவிர வேறெங்கும் இல்லை.

அடுத்து, எதில் கையைச் சுருக்கவே கூடாது என்பது. வழிகாட்டியில். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. இங்கே வழிகாட்டிகள் இரண்டு வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பூங்கா எல்லைக்குள் எந்தப் பாதையில் கால் வைத்தாலும் ஆணையத்தின் வனக்காவலர் ஒருவர் உடன் வருவார். அது விதி, கட்டணத்தில் அடங்கியது. ஆயுதம் ஏந்திய காவலர்களும் கூட வருவார்கள். யானையோ எருமையோ எதிர்ப்பட்டால் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டத்தான் அந்தத் துப்பாக்கி. இரண்டாமவர் உங்கள் பயண நிறுவனம் அனுப்பும் ஆள். ஊருக்கு ஊர் உங்களை அழைத்துச் செல்வது, தோணிக்காரரோடு பேசுவது, மழை வந்தால் திட்டத்தை மாற்றுவது, உங்களுக்கு முடியாமல் போனால் மோட்டார் சைக்கிள் வரவழைப்பது எல்லாம் இவர்தான். மலிவு நிறுவனங்கள் முதலில் கை வைப்பது இந்த இரண்டாமவர் மேல். ஓட்டுநரையே வழிகாட்டி என்று சொல்லிவிடுவார்கள். அவர் உங்களை ஒரு பக்கம் இறக்கிவிட்டு மறுபக்கம் காத்திருப்பார். நடைப் பயணத்தில் இது உதவாது. நடுவழியில் உங்களோடு யாரும் இல்லை என்று பொருள்.

ருஹிஜாவில் நடந்ததைச் சொல்கிறேன். பிவிண்டியின் உயரமான பகுதி அது. அங்கிருந்து முபிவிண்டிச் சதுப்புக்கு இறங்கும் பாதை ஒன்று உண்டு. பச்சை அகலவாய்ப் பறவையைத் தேடிப் பறவை ஆர்வலர்கள் உலகெங்குமிருந்து வந்து இறங்குவது அந்தச் சரிவில்தான். நாங்கள் ஐந்து பேர், எங்கள் உள்ளூர் வழிகாட்டி, ஒரு வனக்காவலர். இறங்கத் தொடங்கி முக்கால் மணி நேரம் இருக்கும். முன்னால் போன வழிகாட்டி ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையைப் பின்னால் நீட்டி விரல்களை மூடினார். நில் என்று பொருள். பிறகு மூங்கில் ஒன்று முறியும் ஓசை எனக்கும் கேட்டது. மறுபடி ஒன்று, இன்னும் கிட்டத்தில். காவலரும் அவரும் இரண்டு சொல் பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான், வந்த வழியே திரும்பி ஏறினோம். மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகு சொன்னார்: யானைகள், குட்டியோடு. பிவிண்டியில் யானைகள் கொஞ்சம்தான், ஆனால் அடர்ந்த காட்டில் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சதுப்பை நாங்கள் அன்று பார்க்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் வருத்தப்பட்டபோது அந்த வழிகாட்டி அவரிடம் மிகவும் மென்மையாக, "நாளைக்கும் சதுப்பு இங்கேதான் இருக்கும்" என்றார். நீங்கள் காசு கொடுப்பது அந்த நின்ற காலுக்குத்தான்.

சுமை தூக்குபவர் விஷயமும் இதோடு சேர்ந்தது. பூங்கா வாசலில் சீருடை அணிந்து வரிசையாக நிற்பார்கள், பக்கத்து ஊர் ஆண்களும் பெண்களும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர். "என் பையை நானே தூக்குவேன்" என்று நம் ஊர் நடையர்கள் பெருமையாகச் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பையைத் தூக்க முடியுமா என்பது இங்கே பேச்சே அல்ல. சேற்றுச் சரிவில் உங்களை மேலே இழுக்கவும் பின்னாலிருந்து தாங்கவும் ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு அன்று கூலி கிடைத்தால் அவர் வீட்டில் யாரும் காட்டுக்குள் கண்ணி வைக்கப் போக வேண்டியதில்லை. கண்ணி மானுக்கு வைப்பது, ஆனால் மாட்டிக்கொள்வது சில நேரம் கொரில்லாக் குட்டி.

எரிமலைகளில் எது என்று கேட்டால், உங்கள் பழக்கத்துக்குக் காஹிங்கா அல்லது சபின்யோ. மூன்றுக்கும் அடிவாரம் கிசோரோ நகரம். காஹிங்கா 3,474 மீட்டர். போய்வர ஆறு மணி நேரம் ஆகும். மூங்கில் காட்டுக்குள் நுழைந்து, பாசி தொங்கும் மரங்களைக் கடந்து, உச்சியில் சதுப்பு நிறைந்த எரிமலை வாய்க்கு வந்து நிற்போம். அங்கே ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த லொபீலியாச் செடிகள் தூண்தூணாக நிற்கும். தாவரம் படித்தவனான நான் முதல் முறை அவற்றைப் பார்த்து வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்தில் தொட்டியில் வளர்க்கும் சின்னப் பூச்செடியின் இனம் இங்கே உறைபனியும் வெயிலும் ஒரே நாளில் வரும் உயரத்தில் மரமாகிவிட்டிருக்கிறது. சபின்யோ 3,600 மீட்டருக்குச் சற்று மேல். கிழவரின் பற்கள் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தேய்ந்து உடைந்த சிகரங்களைக் கீழிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மூன்று சிகரம் ஏற வேண்டும், செங்குத்தான இடங்களில் மர ஏணிகள், மழையில் வழுக்கும். கடைசிச் சிகரத்தில் நின்றால் உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் காலடியில் சேர்கின்றன. உயரம் கண்டு தலை சுற்றுகிறவர் என்றால் சபின்யோ வேண்டாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. முஹாவுரா 4,127 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்குவது கடுமை, உயரத்தால் தலைவலியும் குமட்டலும் வரலாம். நான் நான்கு முறை முயன்று இரண்டு முறைதான் உச்சி தொட்டேன். ஒருமுறை திரும்பியது மேகத்தால், ஒருமுறை உடன் வந்தவரின் தலைவலியால். தலைவலி கூடிக்கொண்டே போனால் இறங்குவது ஒன்றே வழி. இதை உங்கள் வழிகாட்டியும் சொல்வார், அவர் சொன்னால் மறுபேச்சு பேசாதீர்கள்.

நடைப் பயணத்தின் சாரம் என்று நான் நினைப்பது எரிமலைகூட அல்ல, கிசோரோவிலிருந்து பிவிண்டிக் காட்டின் வடக்கு வாசலான புஹோமா வரை போகும் இரண்டு நாள். முதல் நாள் நகரத்திலிருந்து கிளம்பி உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே முடாண்டா ஏரிக்கு நடக்க வேண்டும். வயல்களின் ஓரத்தில் கருங்கல் குவியல்களைப் பார்ப்பீர்கள். எரிமலை கக்கிய கல், உழுவதற்காகப் பொறுக்கிக் குவித்தது. அப்படிப்பட்ட கற்குவியலின் பெயர்தான் காஹிங்கா, மலைக்கும் அதுவே பெயராயிற்று. ஏரியில் ஒரே மரத்தைக் குடைந்த தோணி. இரண்டு மணி நேரம் போல் துடுப்புப் போட்டுப் போகையில் தண்ணீரில் எரிமலைகளின் நிழல் தலைகீழாக விழுந்து கிடக்கும், அதாவது காலையில் சீக்கிரம் கிளம்பியிருந்தால். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடும். பிறகு ஏற்றம், இன்குரிங்கோ மலைமுகடு வரை. மாலையில் கால் இரண்டும் கெஞ்சும். அங்கே இரவு.

இரண்டாம் நாள் முகட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, காட்டின் ஊடாக 13 கிலோமீட்டரை ஒட்டிய பாதை. காவலர் இல்லாமல் விடமாட்டார்கள். ஆறேழு மணி நேரம். இலைக்குடையின் கீழே வந்ததும் வெளிச்சம் பச்சையாக மாறும், பேச்சு தானாகக் குறையும். கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் மேலே தாவும்போது அவற்றின் வெள்ளை வால் மட்டும்தான் கண்ணில் படும். ஒருமுறை சூரல் கொடியின் மேல் மூன்று கொம்புள்ள பச்சோந்தி ஒன்றை வழிகாட்டி காட்டினார். மூக்கில் ஒன்று, கண்ணுக்குக் கண் ஒவ்வொன்று; ஒரு கண் எங்களையும் மறு கண் ஈயையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் அங்கேயே நின்றோம், அது ஒரு கால் எடுத்து வைத்தது.

அதே பாதையில்தான் எறும்பும். ஆப்பிரிக்கப் படை எறும்புகள் பாதையைக் குறுக்கே கடக்கும்போது தரையில் கறுப்பு நாடா ஒன்று ஓடுவது போலிருக்கும். உற்றுப் பார்த்தால் நாடாவின் இரு கரையிலும் பெரிய தலை வீரர்கள் தாடையை விரித்து மேல்நோக்கி நிற்பார்கள், நடுவில் சின்னவை ஓடிக்கொண்டிருக்கும். "ஓடு" என்று வழிகாட்டி சொன்னால் ஏன் என்று கேட்காமல் தாண்டி ஓட வேண்டும். எங்களில் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்; அடுத்த பத்து நிமிடம் அவர் தொடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம், தலை தோலிலேயே தங்கிவிட்டது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடப்பதற்குக் காரணம் இதுதான். காஞ்சொறி போன்ற அரிக்கும் செடிகளும் உண்டு, தோட்ட வேலைக்கு அணியும் தடித்த கையுறை ஒரு சோடி எடுத்துச் செல்லுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் காலணி, நல்ல மழைச்சட்டை, ஒரு கைத்தடி. காலணியைப் புதிதாக வாங்கினால் அங்கே போய் முதன்முதலாக அணியாதீர்கள். வேறெதற்கும் பணம் செலவிட வேண்டியதில்லை.

உங்கள் விளம்பரத்தில் "பட்வா மக்களின் காட்டுப் பாதை" என்றும் ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பட்வா மக்கள் இந்தக் காடுகளில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். 1991-ல் பிவிண்டியும் மகஹிங்காவும் தேசியப் பூங்கா ஆனபோது காட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நிலமும் இல்லை, இழப்பீடும் இல்லை. பக்கத்து ஊர்களில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தும் கையேந்தியும் காலம் கழித்தார்கள். அவர்கள் வெளியேற்றப்பட்டது முறையற்றது என்று உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நாம் வியந்து பார்க்கும் கொரில்லாக் காட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை இது. மகஹிங்காவில் பட்வா வழிகாட்டிகள் நம்மைக் காட்டுக்குள் அழைத்துப் போய், குச்சியைக் கடைந்து தீ எடுப்பதையும் மருந்து இலைகளையும் காட்டுவார்கள். முடிவில் காராமா என்ற எரிமலைக் குகை, 300 மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே இருட்டில் நிற்கும்போது பெண்கள் பாடத் தொடங்குவார்கள். இழந்த காட்டைப் பற்றிய பாட்டு என்று வழிகாட்டி மெல்லச் சொல்வார். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வெளியே வந்து வெகுநேரம் யாரோடும் பேச முடியாமல் நின்றிருக்கிறேன். போகலாமா என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. போகலாம் என்றுதான் சொல்வேன். கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர்கிறது, தங்கள் காட்டுக்குள் தலைநிமிர்ந்து அவர்கள் நடக்கும் நாளும் அதுதான். ஆனால் சாலையோரக் குடியிருப்பில் வண்டியை நிறுத்தி, குழந்தைகளை ஆடச் சொல்லிப் படம் எடுக்கும் "பண்பாட்டுச் சந்திப்பு" என்றால் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

தங்குவதிலும் சாப்பாட்டிலும் போக்குவரத்திலும் தாராளமாகக் கையைச் சுருக்கலாம். கிசோரோவில் சுத்தமான எளிய அறை 15 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும். அந்த ஊரில் மலை நடையர்கள் தங்குவது 1950-களிலேயே தொடங்கிவிட்டது. வால்டர் பாம்கார்ட்டல் என்ற ஜெர்மானியர் நடத்திய சிறு விடுதியில்தான் அன்றைய கொரில்லா ஆய்வாளர்கள் வந்து இறங்கினார்கள். காலையில் கடைவீதியில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டிக் கொடுப்பார்கள், அதன் பெயர் ரோலெக்ஸ். அந்தச் சப்பாத்தி இந்தியர்களோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதுதான். சைவம் என்றால் பயப்பட வேண்டாம். வேகவைத்து மசித்த வாழைக்காய், பீன்ஸ் குழம்பு, நிலக்கடலைக் குழம்பு, டோடோ என்று அவர்கள் சொல்லும் கீரை; வாயில் வைத்ததும் நம் தண்டுக்கீரையின் உறவு என்று தெரிந்துவிடும். அகாரோ என்ற களி கிடைத்தால் விடாதீர்கள். அது கேழ்வரகுக் களி. கேழ்வரகு முதன்முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்தான், நம் ஊருக்கு வந்தது பின்னால். கபாலேயில் முதல் வாரம் அந்தக் களி உருண்டையை வாயில் போட்டபோது எனக்கு வீட்டு நினைவு வந்து தொண்டை அடைத்தது.

பயண வழியில் ஒரு யோசனை. கம்பாலாவிலிருந்து கிசோரோவுக்கு பஸ் உண்டு, மலிவு, ஆனால் ஒரு பகலையோ இரவையோ முழுதாகத் தின்றுவிடும். ருவாண்டாவின் கிகாலியில் இறங்கினால் முசான்சே, சியானிகா எல்லை வழியாக அன்றே கிசோரோ வந்துவிடலாம். அப்படி வருவதென்றால் உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவை 100 டாலருக்கு எடுக்கலாம். எந்த நாடு அதைத் தருகிறதோ அந்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும். உகாண்டாவுக்கு மட்டும் என்றால் விசா 50 டாலர். இரண்டு வழிக்கும் விமானக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி, எது உறுதி, எது உறுதியல்ல என்று பிரித்துச் சொல்கிறேன். சீட்டின் விலை, பூங்காவின் விதி, காவலர் உடன் வருவது இவை உறுதி. மனிதரைக் கண்டு பழக்கப்பட்ட கொரில்லாக் குடும்பங்களைப் பூங்கா ஆட்கள் அதிகாலையிலேயே தேடிப் போய்விடுவதால் பார்க்காமல் திரும்புவது மிக அரிது. ஆனால் அரை மணியில் பார்ப்பீர்களா ஆறு மணி நேரம் நடந்து பார்ப்பீர்களா என்பதை யாராலும் சொல்ல முடியாது. வானிலையும் அப்படித்தான். ஜூன் முதல் ஆகஸ்டு வரை உலர்காலம் என்பது சரி. மழையே இல்லை என்று பொருளல்ல, அது மழைக்காடு. எரிமலை உச்சியில் காட்சி கிடைப்பது பாதிக்குப் பாதி. வழியில் சொல்லப்படும் கதைகளையும் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். புன்யோன்யி ஏரியின் ஆழம் 900 மீட்டர் என்று படகோட்டிகள் சொல்வார்கள். அளந்தவர்கள் கண்டது அதில் மிகச் சிறிய பங்கு.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1999 மார்ச்சில் புஹோமாவில் எல்லை தாண்டி வந்த ஆயுதக்குழு சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேரைக் கொன்றது. அதன் பிறகுதான் காட்டில் இராணுவக் காவல் பலப்பட்டது. 2023 அக்டோபரில், வடக்கே இருக்கும் எலிசபெத் அரசி தேசியப் பூங்காவில் ஒரு தம்பதியும் அவர்களுடைய வழிகாட்டியும் கொல்லப்பட்டார்கள். காங்கோப் பக்கம் 2022 ஜூனில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை எல்லை ஊரான புனகானாவைப் பிடித்தது, அது கிசோரோவிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். 2025 ஜனவரியில் கோமாவும் அவர்கள் கைக்குப் போயிற்று. ஆகவே காங்கோப் பக்க எரிமலைகளுக்கு மலிவாக அழைத்துப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். உகாண்டாப் பக்கம் நான் நடந்த ஆண்டுகளில் ஒருநாளும் அச்சப்பட நேர்ந்ததில்லை. ஆனாலும் என் அனுபவம் உங்கள் ஜூலைக்கு உத்தரவாதம் ஆகாது. கிளம்பும் முன் கம்பாலாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது, சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் போதும். மலேரியா மாத்திரை எது, எப்போது தொடங்குவது, உயரத்துக்கு மருந்து தேவையா என்பதையெல்லாம் மருத்துவரிடம் கேளுங்கள். போகும் இடங்களின் பெயரையும் உயரத்தையும் தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு எளிது.

கடைசியாக, அந்த நிறுவனத்துக்கு என்ன எழுதுவது என்று. என் நண்பர் ஒருவர் ஒரு நிறுவனத்திடம் முழுப்பணமும் கட்டி, பூங்கா வாசலில் போய் நின்றபோது அவர் பெயரில் சீட்டே இல்லை. காலை எட்டு மணிக்கு, எல்லாரும் குழு குழுவாகக் கிளம்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கையில் ஒரு ரசீதோடு நின்றார். பணம் திரும்ப வரவே இல்லை. ஆகவே சீட்டு வாங்குவதானால் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சிட்ட சீட்டின் படத்தை அனுப்பிய பிறகே மீதிப் பணம் தருவேன் என்று எழுதுங்கள். எங்களோடு நடந்து வரப்போகும் வழிகாட்டி யார், அவர் ஓட்டுநரா வேறு ஆளா, இன்குரிங்கோவிலிருந்து புஹோமாவுக்கு அவரும் காட்டுக்குள் வருவாரா என்று கேளுங்கள். பூங்காக் கட்டணங்களில் எவையெல்லாம் விலைக்குள் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆணையத்தின் விலைப்பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். நேர்மையான நிறுவனம் இவற்றுக்கு ஒரே நாளில் பதில் எழுதும். ஜூலைச் சீட்டுகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், அதனால் இந்த வாரமே எழுதிவிடுங்கள். புஹோமாவில் இல்லை என்று பதில் வந்தால் பிவிண்டியின் இன்னொரு வாசலான ருஷாகாவில் கேட்கச் சொல்லுங்கள்; பழக்கப்பட்ட குடும்பங்கள் அங்கேதான் அதிகம், கிசோரோவிலிருந்து போய்வரவும் அது பக்கம்.